இரதியின் கையில் கொடுத்த அழைப்பாணை

றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே, தேயிலை முடிந்து வீடுகள் தொடங்குகிற மேட்டில், செத்து ஒன்பது வருஷமான ஒரு பெண்பிள்ளை கோர்ட் கடுதாசியைக் கைநீட்டி வாங்கினாள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். வாங்கினாள். கோர்ட் கோப்பில் அப்படித்தான் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தியிருந்தது. கொடுத்தவர் பிஸ்கல் மாத்தயா. கோர்ட் கடுதாசிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற சிங்கள உத்தியோகத்தர், நேர்மையான மனுஷன். தான் யாரிடம் கொடுத்தோம் என்பது தெரியவந்த அன்று அவர் குடித்த தண்ணீரில் ஒரு போகம் நெல் நட்டிருக்கலாம்.

அது புரட்டாசி மாதத்து முற்பகல். மழை பெய்தது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. வட்டவளைப் பக்கத்தில் பெய்யாத நாளைத்தான் சொல்ல வேண்டும். அழகுமுத்து தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து மீசைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருஷம் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய கை அது. போன வருஷம்தான் ஓய்வு. வெட்டுவதற்குச் செடி இல்லாமல் போனதும் அந்தக் கவனமெல்லாம் மீசைக்குப் போய்விட்டது. ஒரு முனை வட்டவளையைக் காட்டும், மறுமுனை ஹட்டனைக் காட்டும். ரயில் எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல் முழிக்கிற வெள்ளைக்காரர்கள் அதைப் பார்த்தே வழி தெரிந்துகொண்டதாகப் பேச்சு.

மாத்தயா குடையை மடக்கிப் பெயர் கேட்டார். நீளமான ஒரு உறையைக் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கினார். அத்தோடு போயிருக்கலாம். மரியாதை தெரிந்தவர், விசாரித்தார்.

"ஒங்க நோனா சொகமா? போன தடவை அவங்க கையிலதான் குடுத்தேன்."

"சம்சாரத்தையா கேக்குறீங்க? அது போயி ஒம்பது வருஷமாச்சுங்களே மாத்தயா."

"எங்க போய்?"

அழகுமுத்து மலைச்சரிவுப் பக்கம் கையைக் காட்டினார். பனி விலகியிருந்ததால் சுடுகாடு பளிச்சென்று தெரிந்தது.

மாத்தயாவின் பேனா கீழே விழுந்தது. பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாக அவர் சத்தியம் பண்ணினார்: மாசி மாதத்தில் வந்தாராம், செகப்புச் சேலை கட்டி மூக்குத்தி போட்டுத் தலை நிறையப் பூ வைத்த நல்ல உயரமான நோனா ஒருத்தி கடுதாசியை வாங்கிக்கொண்டாளாம். பேசிக்கொண்டே நிமிர்ந்தவர் கண்ணில் சுவரில் மாலையோடு தொங்கிய வேலாயியின் படம் பட்டது. அதே செகப்புச் சேலை. அதே மூக்குத்தி. அதற்குப் பிறகுதான் அந்தத் தண்ணீர்க் கதை. அவர் போன வேகத்தில் குடையை விட்டுவிட்டுப் போனார். அந்த மழையிலும் ஒரு துளி அவர் மேல் பட்டிருக்காது, அத்தனை வேகம்.

அழகுமுத்துவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஹட்டனில் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகள் வினோதா பொழுது சாயும் நேரம் வீட்டுக்கு வருகிறவரை விட்டு விட்டுச் சிரித்தார். வினோதாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. உறையைப் பிரித்து நின்றபடியே படித்தாள். இரண்டாம் தடவை உட்கார்ந்து படித்தாள். அதைப் பார்த்ததும் அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். மேலே தங்குவிடுதி வைத்திருக்கிற பொன்னையா, இந்த வீடும் வீடு நிற்கிற ஏழு பேர்ச் நிலமும் தன் காணிக்குள் அடக்கம் என்று வழக்குப் போட்டிருக்கிறார். எதிராளி அழகுமுத்து வந்து பதில் சொல்லும்படி கோர்ட் அழைப்பாணை அனுப்பியிருக்கிறது. தபாலில் அனுப்பியது தோட்ட ஆபிஸ் வரை வந்து, ஆள் இப்போது லயத்து வரிசை வீட்டில் இல்லை என்று திரும்பிப் போயிருக்கிறது. அதனால் பிஸ்கல் மாத்தயா நேரில் கொண்டுவந்து, "எதிராளியின் மனைவியிடம் கையளிக்கப்பட்டது" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். குறித்த நாளில் எதிராளி வரவில்லை. வராதவருக்காகக் கோர்ட் காத்திருக்க முடியாது. வந்தவரை மட்டும் கேட்டு ஒருதரப்புத் தீர்ப்புச் சொல்லிவிட்டது: வீட்டைக் காலி செய்து பொன்னையாவிடம் ஒப்படைக்க வேண்டும்.

அந்த வீட்டுக்கான கல் ஒவ்வொன்றையும் ரோட்டிலிருந்து தலையில் சுமந்து ஏற்றியவள் வேலாயி. பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து, பொழுது இருட்டுகிறவரை கல் சுமந்தாள். மூன்று தலைமுறையாக ஒரே லயத்துக் காம்பராவில் புகை குடித்த குடும்பத்துக்கு ஜன்னல் வைத்த அடுப்படி வேண்டும் என்பது அவள் ஆசை. அந்த ஜன்னல் வழியே அவள் ரயில் பார்த்தது பதினோரு மாதம்தான். மேலே விடுதியில் தங்குகிறவர்களும் அதே ரயிலைத்தான் பார்க்கிறார்கள். அவர்களுடைய வேன் திரும்புவதற்கு இடம் போதவில்லை என்று பொன்னையா இரண்டு வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும்.

பொன்னையாவும் அந்நியர் இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அழகுமுத்துவோடு ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்து, ஒரே பிரம்பால் அடி வாங்கியவர்தான்.

"அழைப்பாணை வந்துச்சாப்பா? மாசி மாசம் இங்க யாருப்பா பொம்பள?" என்று வினோதா கேட்டாள். கேட்டுவிட்டு, அப்பாவின் மீசையைப் பார்த்தாள். மாசி மாதத்தில் அந்த மீசை இருக்காது என்பது அவளுக்கும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மாசியில் அந்தத் தோட்டத்தில் காமன் கூத்து. ஈஸ்வரனின் தவத்தைக் கலைக்கத் தேவர்கள் மதனை அனுப்புவார்கள், இரதி போகாதே என்று தடுப்பாள், மதன் போவான், ஈஸ்வரன் நெற்றிக்கண்ணைத் திறந்து எரித்துவிடுவார். இரதி அழுது புரண்டு கேட்டு உயிரைத் திரும்ப வாங்குவாள். மூன்றாம் பிறையன்று காமன் பொட்டலில் கம்பம் ஊன்றினால், பௌர்ணமியன்று அதை எரித்து, மூன்றாம் நாள் எழுப்புகிற வரைக்கும் தோட்டத்தில் தப்புப் பறையின் சத்தம் ஓயாது. இருபத்தெட்டு வருஷமாக இரதி வேஷம் அழகுமுத்துவுக்குத்தான். கவ்வாத்துக் கத்தி பிடித்த கைக்கு வளையல் கிடைக்காமல் முதல் வருஷம் தகரக் குழாயை அறுத்துப் போட்டார்கள் என்று சொல்வார்கள். ஆனால் அவர் புலம்ப ஆரம்பித்தால் பார்க்க வந்த பெண்பிள்ளைகள் மூக்கைச் சிந்துகிற சத்தத்தில் தப்பு கேட்காது. கட்டுவது வேலாயியின் கூறைச்சேலை. அவள் இருந்தபோது அவளே மடிப்பு வைத்துக் கட்டிவிடுவாள். போன பிறகு அவரே கட்டிக்கொள்கிறார்.

காப்புக் கட்டினால் கட்டியதுதான். அந்த நாட்களில் வேஷக்காரனுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. யாரும் அவரை அழகுமுத்து என்று கூப்பிடக்கூடாது. கூப்பிட்டாலும் அவர் திரும்பக்கூடாது. பெற்ற மகளே "இரதிம்மா, சோறு போடவா" என்றுதான் கேட்பாள். பெயர் சொன்னால் குத்தம். குத்தத்துக்கு ஊர்ப் பொதுவில் தேங்காய் உடைத்து, கம்பத்தைச் சுற்றி விழுந்து கும்பிட வேண்டும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பொட்டலில் இரதியின் கையில் யாராவது கடுதாசி கொடுத்தால் அது காமனுக்குப் போகிற மனு. பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் சுட்டெண்ணை எழுதிக் கொடுக்கும். வெளிநாட்டு வேலைக்கு அலைகிறவர்கள் பாஸ்போர்ட் பிரதியைக் கொடுப்பார்கள். ஒருத்தன் தன் மாமியாரின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தான். என்ன வேண்டினான் என்று யாரும் கேட்கவில்லை. பிரித்துப் பார்த்தால் பலிக்காது. வாங்கின கையோடு கம்பத்தில் செருகிவிட வேண்டும். பௌர்ணமியன்று மதனோடு சேர்ந்து எரிந்து மேலே போகும்.

அந்த வருஷம் இரதி மதன் கல்யாண ஊர்வலத்தன்று மத்தியானம், தொப்பி வைத்த ஒரு மாத்தயா கூட்டத்துக்குள் நுழைந்து அரசாங்க முத்திரை போட்ட உறையை இரதியின் கையில் கொடுத்தது அழகுமுத்துவுக்கு நன்றாக நினைவிருந்தது. அரசாங்கமே காமனுக்கு மனுப் போட்டுவிட்டது என்று அன்றைக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு தடவை நெஞ்சில் அணைத்து, இரண்டு சுற்று ஆடி, கம்பத்தின் உச்சியில் எல்லாரும் பார்க்கிற மாதிரிச் செருகினார். எல்லா மனுவையும் விட அதுதான் நன்றாக எரிந்தது.

வினோதா அதைக் கேட்டுவிட்டுக் கடுதாசியை மடித்து உறைக்குள் வைத்தாள். பிறகு, நாளைக்கு லீவு போடுகிறேன், வக்கீலம்மாவைப் பார்க்கப் போவோம் என்றாள்.

வக்கீலம்மா குணபூசணி யாழ்ப்பாணத்தில் பிறந்து, இருபது வருஷமாக ஹட்டனில் வழக்குப் பேசுகிறவர். இருபது வருஷத்தில் குளிர் மட்டும் பழகவில்லை. ஒன்றன் மேல் ஒன்றாக அவர் போடுகிற ஸ்வெட்டர்களைக் கழற்றினால் உள்ளே ஆளே இருக்காது என்பார்கள். கடுதாசியைப் படித்ததும் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. இது கையில் கிடைத்து ஒரு நாள்தான் ஆகிறது, கிடைத்த நாளிலிருந்து பதினாலு நாள் இருக்கிறது, அதற்குள் மனுப் போட்டு, வராமல் போனதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று கோர்ட்டை நம்பவைத்தால் இந்தத் தீர்ப்பை ரத்துச் செய்து இரண்டு பக்கத்தையும் முதலிலிருந்து கேட்பார்கள் என்று விளக்கினார். காணி உறுதிப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார். பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருக்கிறது என்றாள் வினோதா.

"அப்ப பயப்பிடாதேங்கோ. கதவு திறந்தா நீங்கள் வெண்ட மாதிரி. செத்த மனிசியிட்டைக் குடுத்ததெண்டு எழுதிக் கிடக்கு. இறப்புப் பத்திரத்தை வைச்சா அலுவல் முடிஞ்சுது."

அழகுமுத்து தொண்டையைச் செருமினார். "ஆனா வாங்குனது நாந்தாங்களேம்மா."

அவர் மாசி மாதத்துக் கதையை முழுதாகச் சொல்லி முடித்தபோது குணபூசணி மேல் ஸ்வெட்டரைக் கழற்றியிருந்தார். வியர்த்துவிட்டது. இந்தக் கதையைக் கோர்ட்டில் சொன்னால் எதிர்ப்பக்கம் பாயசம் வைத்துக் குடிக்கும் என்றார். மனைவியிடம் கொடுத்தது என்றால் அழைப்பாணை சேரவில்லை என்று வாதாடலாம். நீங்களே கையால் வாங்கினேன் என்றால் சேர்ந்துவிட்டதே. பொய் சொல்ல வேண்டாம், மனைவி இறந்துவிட்டாள் என்ற உண்மையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நல்ல யோசனைதான். வினோதாகூட அப்பாவின் முழங்கையை அமுக்கினாள்.

அழகுமுத்து அசையவில்லை. "அந்தச் சேல வேலாயியோடதுங்க. அன்னைக்கு அதைக் கட்டி ஆடுனது யாருன்னே தெரியாதுன்னு சத்தியக்கடதாசில கையெழுத்து வச்சிட்டு, வர்ற மாசி நான் அதை எப்படிங்க தொடுவேன்? நீங்க உள்ளத எழுதுங்கம்மா. ஈஸ்வரன்கூட மதனை ஒரு பக்கம் மட்டும் கேட்டுத்தான் எரிச்சாரு. இரதி போயி நின்னு உள்ளதச் சொன்னா. உயிர் வந்துச்சா இல்லையா?"

"வந்தது. ஆனா உடம்பு வரேல்லை. மதன் இரதியின்ரை கண்ணுக்கு மட்டுந்தான் தெரிவான். எங்களுக்கு வீடு எல்லாற்றை கண்ணுக்கும் தெரிய வேணும், ஐயா."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரித்த பிறகு பேனாவை எடுத்தார். உள்ளது உள்ளபடி எழுதி, ஒன்பதாம் நாள் மனுவைப் போட்டார். ஏழு பக்கம் வந்தது. அந்தக் கோர்ட் தொடங்கிய நாளிலிருந்து வந்த மனுக்களிலேயே தப்பு, பவுடர், சவுரி மூன்றும் இடம்பெற்றது அது ஒன்றுதான்.

விசாரணை தை மாதக் கடைசியில் வந்தது. செய்தி எப்படிப் பரவியதோ, நோட்டன் பிரிட்ஜிலிருந்துகூட ஆட்கள் பஸ் ஏறி வந்து கோர்ட்டுக்கு வெளியே நின்றார்கள். அழகுமுத்து வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, எண்ணெய் போட்ட மீசையோடு கூத்துக்குப் போகிற தெம்பில் போனார். காலையில் வேலாயி படத்தின் முன்னால் நின்றவர், போயிட்டு வர்றேன், ஜன்னலைப் பார்த்துக்க என்று சொல்லிவிட்டுக் கிளம்பியதை வினோதா கேட்டாள். வழியெல்லாம் அவள் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே வந்தாள்.

அழகுமுத்து கூண்டில் ஏறியதும் பொன்னையாவின் வக்கீல் சுற்றி வளைக்கவில்லை. அந்த உறையை உங்கள் கையால் வாங்கினீர்களா என்று கேட்டார். வாங்கினேன் என்றார் அழகுமுத்து. முத்திரையைப் பார்த்தீர்களா? பார்த்தேன். வேறு கேள்வி இல்லை என்று வக்கீல் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த விதத்திலேயே பாயச வாசம் அடித்தது. பொன்னையா கோட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டார். குணபூசணி அன்றைக்கும் வியர்த்துப் போனார்.

நீதிபதி சிங்களவர். மூக்குக் கண்ணாடியை இறக்கி, மொழிபெயர்ப்பாளர் மூலம் அவரே விசாரித்தார். இந்த மீசைக்காரரைப் பார்த்து ஒரு கோர்ட் உத்தியோகத்தர் எப்படிப் பெண் என்று நினைத்திருக்க முடியும்?

அழகுமுத்து அனுமதி கேட்டுக்கொண்டு தோளில் கிடந்த துண்டை எடுத்தார். தலையில் முக்காடு போட்டு ஒரு முனையால் மீசையை மறைத்தார். இடுப்பை ஒரு விரற்கடை சாய்த்தார். அவ்வளவுதான். கூண்டுக்குள் கவ்வாத்து அழகுமுத்து இல்லை. எரிந்துபோன புருஷனுக்காக ஈஸ்வரன் வாசலில் வந்து நிற்கிற ஒருத்தி நின்றாள். அவள் வாயைத் திறக்கவேயில்லை. ஆனாலும் பின் வாங்கில் ஒரு பெண்பிள்ளை மூக்கைச் சிந்தினாள்.

சாட்சி சொல்லக் காத்திருந்த பிஸ்கல் மாத்தயா இருக்கையை விட்டு எழுந்துவிட்டார். இவதான், இவதான் என்று சிங்களத்தில் கத்தினார். உட்காரச் சொல்லி மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. நாலு மாதமாகப் பேயிடம் கடுதாசி கொடுத்தவன் என்ற பயத்தில் மஞ்சள் கயிறு கட்டித் திரிந்த மனுஷன். அந்த நிமிஷத்தில் அவர் முகத்தில் வந்த நிம்மதியை வைத்து ஒரு ஊருக்கு ஒரு வருஷம் விளக்கெரிக்கலாம்.

அடுத்து அவரே கூண்டுக்கு வந்தார். பொன்னையாவின் வக்கீல் கேட்டதற்கெல்லாம் தான் கொடுத்தது உண்மை, வாங்கியது உண்மை என்று சொன்னார். குணபூசணி குறுக்கு விசாரணைக்கு எழுந்தபோது அழகுமுத்து பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்: "யாரு காட்டுனாங்கன்னு கேளுங்கம்மா." பதில் தெரியாத கேள்வியைக் கோர்ட்டில் கேட்கக்கூடாது என்பது வக்கீல்களின் முதல் பாடம். குணபூசணி திரும்பிப் பார்த்தார். ரயிலுக்கு வழிகாட்டுகிற அந்த மீசை, கேள் என்று காட்டியது. கேட்டார்.

மாத்தயா தயங்கவே இல்லை. அன்றைக்குக் கூட்டத்தில் அழகுமுத்து யார் என்று இருபது பேரிடமாவது கேட்டிருக்கிறார். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் முன்வரிசையில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்த பெரிய மனுஷர் ஒருவர்தான் உதவினாராம். ஆடிக்கொண்டிருந்த பெண்ணைக் காட்டி, "அர எயாகெ நோனா" என்றாராம். அதோ அவருடைய சம்சாரம், அவள் கையில் கொடுத்தால் போதும் என்று அர்த்தம். அந்தப் பெரிய மனுஷர் இங்கே இருக்கிறாரா? மாத்தயாவின் விரல் நேராகப் பொன்னையாவிடம் போய் நின்றது.

குணபூசணி பொன்னையாவைக் கூண்டுக்கு அழைக்க வேண்டும் என்றார். பொன்னையா ஏறினார். ஆளும் லேசுப்பட்டவர் இல்லை. கோட்டு இழுத்துவிடப்பட்டிருந்தது, தொண்டையும் தயாராக இருந்தது. அந்தக் கூத்தில் இரதி யார் என்று அவருக்குத் தெரியுமா என்று குணபூசணி கேட்டார். தெரியாது என்று சொல்ல முடியாது. இருபத்தெட்டு வருஷமாக முன்வரிசைக் கதிரை அவருடையது. அந்த வருஷம் இரதியின் பூமாலையே அவர் உபயம். தெரியும் என்றார்.

"தெரிஞ்சுகொண்டு, கோர்ட் ஆளிட்டை ஏன் அவரை மனிசி எண்டு சொன்னீங்கள்? வேணுமெண்டே பொய் சொன்னீங்களோ?"

பொய் என்ற சொல்தான் பொன்னையாவைக் குத்திவிட்டது. சொந்த ஊர்க்காரர்கள் வெளியே ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வர்ற மாசியும் அவர் அதே கதிரையில் உட்கார வேண்டும். வக்கீல் கண்ணைக் காட்டியதை அவர் பார்க்கவில்லை.

"பொய் சொல்ல எனக்கென்னங்க தலையெழுத்தா? அன்னைக்குக் காப்புக் கட்டியிருந்துச்சு. காப்புக் கட்டுனவன் பேரை எப்படிங்க சொல்றது? எங்க தோட்டத்துல யாரும் சொல்ல மாட்டாங்க. சொன்னா குத்தம். அதுனாலதான் கைய மட்டும் காட்டுனேன்."

மொழிபெயர்ப்பாளர் அதை ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னார். குணபூசணி மெதுவாக இன்னும் ஒன்று கேட்டார்: அப்படிக் காப்புக் கட்டியவர் கையில் ஒரு கடுதாசி கொடுத்தால் அவர் அதைப் பிரிக்கலாமா? பிரிக்கலாம் என்றால் ஜன்னலுக்கு வெளியே நிற்கிற ஊர் அன்றைக்கே அவரைத் தள்ளிவைத்துவிடும். பொன்னையா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிரிக்கக் கூடாது, கம்பத்துக்குத்தான் போக வேண்டும் என்றார். சொல்லி முடித்த பிறகுதான் தன் வக்கீல் தலையில் கை வைத்திருப்பது அவருக்குத் தெரிந்தது.

நீதிபதி வெகு நேரம் எழுதினார். பேனா கீறுகிற சத்தம் மட்டும் கேட்டது. அழகுமுத்து நிமிர்ந்தே இருந்தார்; வினோதாதான் அவர் விரலைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தாள். கவ்வாத்துக் காய் காய்த்த விரல், அவருக்கு உறைக்கவில்லை.

மொழிபெயர்ப்பாளர் எழுந்து சொன்னார். அழைப்பாணை எதிராளியின் கையில் பட்டது உண்மை. ஆனால் அது அழைப்பாணை என்று அவருக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள அவரால் முடியாமல் போனதற்கும் காரணம் உண்டு. அந்தக் காரணத்தை வழக்காளியே தன் வாயால் உறுதிப்படுத்தியிருக்கிறார். ஆகவே ஒருதரப்புத் தீர்ப்பு ரத்துச் செய்யப்படுகிறது. எதிராளி தன் மறுமொழியைத் தாக்கல் செய்யலாம். வழக்கு இனி இரண்டு பக்கமும் கேட்டு விசாரிக்கப்படும்.

வினோதா அங்கேயே கைப்பையைத் திறந்தாள். பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்து வந்த காணி உறுதி, நாலு பொலித்தீன் சுற்றி உள்ளே இருந்தது. அதை வக்கீலம்மாவின் மேசையில் வைத்து, மேலே தன் உள்ளங்கையையும் வைத்தாள். பொன்னையாவின் வக்கீல் எட்டிப் பார்த்தார். முத்திரையும் திகதியும் கண்ணில் பட்டதும் மெல்லத் தன் புத்தகங்களை அடுக்கத் தொடங்கினார்.

மறுமொழிக்குத் தவணை கொடுத்தார்கள். மார்ச் முதல் வாரம், திங்கட்கிழமை.

அழகுமுத்து விரல் மடக்கிப் பிறையை எண்ணினார். எண்ணி முடித்துக் கையைத் தூக்கினார். குணபூசணி வேண்டாம் என்று சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள் எழுந்துவிட்டார்.

"ஐயா மன்னிக்கணும். அன்னைக்கு நான் இருக்க மாட்டேங்க. காப்புக் கட்டிருவாங்க. பேர் சொல்லிக் கூப்புட்டாலும் திரும்ப மாட்டேன். அப்புறம் மறுபடியும் வரலைன்னு எழுதிருவீங்க."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லும்போதே அவருக்கு வாய் கோணியது. நீதிபதி வழக்காளி பக்கத்தைப் பார்த்து ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். வக்கீல் வாயைத் திறப்பதற்குள் பொன்னையா தலையை ஆட்டிவிட்டார். அது சரிதாங்க, அன்னைக்கு ஆகாது, இந்த வருஷமும் மாலை என்னோட உபயம்தான் என்றார். தவணை சித்திரைக்குப் போயிற்று.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. படியில் பிஸ்கல் மாத்தயா நின்றிருந்தார். வினோதா புரட்டாசியில் அவர் விட்டுப்போன குடையை நீட்டினாள். பேய் வீட்டுக் குடை என்று இத்தனை நாள் கேட்டுவாங்காமல் இருந்தவர், கண்ணில் ஒற்றாத குறையாக வாங்கிக்கொண்டார். பிறகு அழகுமுத்துவைப் பார்த்து, இனிமேல் இந்த வழக்கில் ஏதாவது கடுதாசி வந்தால் யார் கையில் எப்படிக் கொடுப்பது என்று கவலையோடு கேட்டார்.

"அதுக்கென்னங்க மாத்தயா," என்று அழகுமுத்து மீசையின் ஹட்டன் முனையை முறுக்கிவிட்டார். "இது இருந்தா என் கையில குடுங்க. இல்லைன்னா, மீசை மொளைச்ச பொறகு வாங்க."